முன்னே போனவர் நிற்கும் இடம்: கதிர்காமப் பாதையும் ஊவாத் தோட்ட மக்களின் வழித்தோழமையும்

கேள்வி

பதுளையிலிருந்து கதிர்காமம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஹாலி எல, தெமோதரை வழியாக எல்லவுக்கு ஏற வேண்டும். அங்கிருந்து வெல்லவாயவுக்கு இறங்கி, புத்தலையைத் தாண்டி, யால காட்டோரமாகப் போக வேண்டும். பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; எல்ல 1,040 மீட்டர்; வெல்லவாய 200 மீட்டர் அளவில். காலையில் கம்பளி, மத்தியானம் கொதிக்கும் தார். இத்தனையும் ஊவா மாகாணம் என்ற ஒரே எல்லைக்குள்.

இந்தப் பாதையை நடந்தும் லொறியிலும் பஸ்ஸிலும் கடந்த தோட்டத்துப் பெரியவர்களிடம் பேசினால் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: "கதிர்காமப் பயணத்துல எல்லாரும் சாமிதான்." பாதயாத்திரை போகிறவர்கள் ஒருவரையொருவர் 'சாமி' என்றே அழைப்பது வழக்கம். கங்காணி, கொழுந்தெடுப்பவர், கடைக்காரர், ஆசிரியர் என்ற வேறுபாடெல்லாம் அந்த ஒரு விளியில் கரைந்துவிடுவதாக நம்பிக்கை.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. கடினமான பயணம் கூட வருபவரை நண்பராக்குகிறதா? ஆக்குகிறது என்றால் அதைச் செய்வது பக்தியா, உடற்களைப்பா, வேறெதுவுமா? நானும் இரண்டு பேருடன் சைக்கிளில் இப்பாதையைக் கடந்தவன். அந்த அனுபவத்தையும் ஒரு சிறு சான்றாக வைக்கிறேன். அதன் எடை எவ்வளவு என்பதைப் பின்னால் பார்ப்போம்.

சொல்லப்பட்டவை

யாத்திரை பற்றிய சமூகவியல் எழுத்தில் விக்டர் டர்னரைத் தாண்டிப் போக முடியாது. வீட்டையும் தொழிலையும் விட்டுப் பாதையில் இறங்கியவர்கள், சமூகம் தங்களுக்குக் கொடுத்த படிநிலைகளைத் தற்காலிகமாகக் கழற்றிவைத்து, மனிதருக்கு மனிதர் நேராக நிற்கும் ஒரு கூட்டுணர்வை எய்துகிறார்கள் என்று அவர் 1969க்குப் பின் தொடர்ந்து எழுதினார். 'எல்லாரும் சாமிதான்' என்பதன் கல்விப்புல வடிவம் அது. 1991இல் ஜான் ஈட், மைக்கேல் சால்னோ தொகுத்த நூல் இதை மறுத்தது. யாத்திரைத் தலங்கள் பல தரப்புகள் தத்தம் பொருளைச் சுமத்தி மோதிக்கொள்ளும் களங்கள். சமத்துவம் அங்கே தானாக விளைவதில்லை என்றது.

என் பார்வையில் இந்த இரண்டையும்விடக் கூர்மையான சான்று மராத்தியிலிருந்து வருகிறது. மானுடவியலாளர் இராவதி கார்வே பண்டரிபுரத்துக்கு நடந்துபோன அனுபவம் 1962இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவர் சேர்ந்து நடந்த குழுவில் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள், ஒரே தூசியில் நடந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் பிராமணர் ஒரு பக்கமும் மராத்தர் ஒரு பக்கமுமாகச் சமைத்தார்கள். அந்தப் பிரிவு கார்வேயை உறுத்தியது. நடையின் ஒற்றுமையும் அடுப்பின் பிரிவும் ஒரே நாளில், அதே ஆட்களிடம் இருந்தன என்பதை அவர் மறைக்கவில்லை. கால்கள் சேர்ந்தால் கைகளும் சேர்ந்துவிடும் என்று எண்ணுவோருக்கு அந்தக் கட்டுரை போதும்.

இலங்கையில் பிறந்த வலன்டைன் டானியல் 1984இல் வெளியிட்ட நூலில் சபரிமலைக்குத் தாம் நடந்ததை எழுதியிருக்கிறார். நடையின் வலி 'நான்' என்ற உணர்வை எப்படித் தேய்க்கிறது என்பதே அங்கே அவருடைய அக்கறை. இது டர்னருக்கு அருகில் நிற்கும் வாதம்தான் என்றாலும் அழுத்தம் வேறு: சமூகம் கழன்று விழுவதைவிட, ஆள் கழன்று விழுவதைப் பற்றிப் பேசுகிறார். மலையக மக்களின் வரலாற்றைப் பின்னர் அக்கறையோடு எழுதியவரும் இவரே என்பதால் இந்தப் பக்கங்கள் நமக்கு நெருக்கமானவை.

கதிர்காமத்தைப் பற்றி மட்டும் பேசினால் கணநாத் ஒபயசேகர முக்கியமானவர். 1977, 1978ஆம் ஆண்டுக் கட்டுரைகளில், தமிழ் இந்துக்களின் வழிபாடு மேலோங்கியிருந்த தலம் சிங்கள பௌத்தர்களின் பெருந்தலமாக மாறியதையும், தீமிதியும் காவடியும் அவர்களிடம் பரவியதையும் நகர வாழ்வின் ஏக்கங்களோடும் ஏமாற்றங்களோடும் சேர்த்து விளக்கினார். அவருடைய கண் சன்னிதியில் நிற்கிறது. பாதை அவருடைய பொருளல்ல. பக்தரின் உள்மனம் அங்கே விரிவாகப் பேசப்படுகிறது; பக்கத்தில் நடந்து வந்தவர் யார், யாருடைய தண்ணீரை யார் குடித்தார் என்பது பேசப்படவில்லை.

எனக்குத் தெரிந்த கதிர்காம எழுத்துகளில் தோட்டத்து ஆள் காவடி தூக்கும் உருவமாக வந்து போகிறார். எங்கிருந்து வந்தார், எத்தனை நாள் கூலியை விட்டு வந்தார், யார் அவரை அனுப்பினார்கள் என்ற கேள்விகள் ஓரத்திலேயே நின்றுவிடுகின்றன.

துண்டும் அனுமதிச் சீட்டும்

பொன்னம்பலம் அருணாசலம் கதிர்காம முருக வழிபாடு பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரை 1924இல் வெளியானது. தம் பாட்டியார் பிள்ளையின் நோய் தீர நேர்ந்துகொண்டு கொழும்பிலிருந்து வெறுங்காலோடு கதிர்காமம் நடந்து திரும்பியதை அதில் சொல்கிறார். நெகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அந்த அம்மையாருக்கு நடக்க யாருடைய அனுமதியும் தேவைப்பட்டிருக்காது. அதே பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊவாவின் கோப்பித் தோட்டத்திலோ தேயிலைத் தோட்டத்திலோ இருந்த ஒரு தாய் அதே நேர்த்திக்கடனை நேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

1865ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், அறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டுப் போவதைத் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருந்தது. இதற்கு மேலே கடன். கங்காணியின் ஆட்கள் தோட்டத்துக்கு எவ்வளவு பாக்கி, அதைக் கட்டினால் விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் தாளுக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு மனிதன் நகர்வதற்கான விலை அந்தத் தாளில் எழுதப்பட்டிருந்தது. துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

மறுமுனையிலும் ஒரு தாள் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாந்திபேதி பரவும் அச்சத்தால் கதிர்காமத்துக்குப் போவோரின் எண்ணிக்கைக்கு அரசு வரம்பு விதித்தது. அனுமதிச் சீட்டு கேட்டது. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனார்ட் வுல்ஃப், திருவிழாக் காலத்தில் கதிர்காமத்தில் தங்கி ஒழுங்கையும் சுகாதாரத்தையும் மேற்பார்வை செய்தவர். அவருடைய நாட்குறிப்புகள் பின்னர் அச்சாயின. காட்டுக் கிராமத்து வறுமையை நாவலாக எழுதிய அதே மனிதர் பக்தர்களைச் சுகாதார ஏற்பாட்டுக்கு உரிய கூட்டமாகவும் பார்க்க வேண்டியிருந்தது. பதவி அப்படிப்பட்டது.

ஆகவே தோட்டத்து ஆளுக்குக் கதிர்காமப் பாதை இரண்டு தாள்களுக்கு நடுவே இருந்தது. புறப்படும் இடத்தில் கடன், சேரும் இடத்தில் நோய். சமூகப் படிநிலையைக் கழற்றிவைத்துவிட்டுப் பாதையில் இறங்குவது என்று டர்னர் சொல்லும்போது, இறங்குவதற்கே ஒருவருடைய கையெழுத்து வேண்டியிருந்தவர்கள் அவருடைய கணக்கில் எங்கே வருகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. இறங்க முடிந்தவர்களுக்குள் மட்டும் நிகழும் சமத்துவம் அது.

தாள் போனாலும் கணக்குப் போகவில்லை. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வோம். பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்குப் போய்ப் பேர் விழுந்தால் கூலி; பாதி வேலைக்கு அரைப்பேர். நாள் கூலி 1,000 ரூபாய் என்று 2021 மார்ச்சில் வர்த்தமானியில் வந்தது. 2024 செப்டம்பரில் அது 1,350 ஆயிற்று. கதிர்காமத்துக்கு மூன்று நாள் என்றால் மூன்று பேர் போச்சு. சாமி என்று அழைக்கப்படும் அந்த மூன்று நாட்களில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் அந்த மனிதருக்குப் பேரே இல்லை. இந்தச் சொல்லாட்டம் என் கற்பனையல்ல, லயத்தில் சிரித்துக்கொண்டே சொல்வதுதான்.

பெண்களுக்கு இது இன்னும் இறுக்கம். கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆணின் விடுமுறை ஒரு பேர். பெண்ணின் விடுமுறை ஒரு பேரும் ஓர் அடுப்பும்.

ஆற்றுப்படை என்னும் கண்

வழித்தோழமையை விளங்கிக்கொள்ளத் தமிழுக்குள்ளேயே வேறொரு கருவி இருக்கிறது. அதை நாம் பாடநூலில் வைத்துப் பூட்டிவிட்டோம்.

பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து பாட்டுகள், ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனைப் பார்க்கிறான், நிற்கிறான், நான் போன வழி இது, நீயும் போ என்று சொல்கிறான். கூத்தரும் பாணரும் பொருநரும் அரசரிடம் ஆற்றுப்படுத்தப்பட்டார்கள். நக்கீரர் பெயரில் வழங்கும் திருமுருகாற்றுப்படை, ஆளைக் கடவுளிடம் அனுப்பியது. முருகனிடம் போகும் பாதை தமிழ் இலக்கியத்துக்குள் நுழைந்ததே ஒருவர் இன்னொருவருக்கு வழி சொல்லும் வடிவத்தில்தான் என்பது கதிர்காமத்தைப் பற்றி யோசிக்கும்போது சிறிய செய்தியல்ல.

மலைபடுகடாத்தை மலையகத்தில் இருந்து படிப்பவருக்கு வேறொன்றும் தெரியும். பெருங்கௌசிகனார் நன்னனைப் பாட வந்தவர். ஆனால் பாட்டின் பெரும்பகுதியில் மலைப்பாதையின் ஆபத்துகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு எங்கே, தினைப்புனத்திலிருந்து யானையை விரட்ட எறியும் கவண்கல் எங்கிருந்து வரும், எங்கே நின்று போக வேண்டும், எங்கே நிற்காமல் போக வேண்டும். புகழ்ச்சியைவிட எச்சரிக்கை நீளமாக இருக்கும் பாட்டு அது. தேயிலை மலையில் கால் வைத்தவர்களுக்கு அது சங்கப் பாட்டாகவே தோன்றாது. மழைக்காலத்தில் குறுக்குப் பாதை சொல்லும் பெரியவரின் பேச்சாகத் தோன்றும்.

இந்த வடிவத்திலிருந்து மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம். வழி சொல்பவனும் கேட்பவனும் சமமானவர்கள் அல்லர். ஒருவன் வயிறு நிறைந்தவன், மற்றவன் பசியோடு இருப்பவன். டர்னருக்குத் தேவைப்படும் சமநிலை இங்கே தேவைப்படவில்லை. அடுத்தது, நிறைந்தவன் தன் பரிசிலைப் பங்கிடுவதில்லை. நின்று பேசும் நேரத்தைக் கொடுக்கிறான். கடைசியாக, பாட்டு முடிந்ததும் இருவரும் எதிரெதிர்த் திசையில் போய்விடுகிறார்கள். வாழ்நாள் நட்பு என்று எவரும் வாக்குக் கொடுக்கவில்லை.

வழித்தோழமை என்பது ஏற்றத்தாழ்வு மறைவதால் வருவது என்பதைவிட, முன்னே இருப்பவர் நிற்பதால் வருவது என்றே எனக்குப் படுகிறது. சிங்கள யாத்திரிகர் மரபிலும் இதற்கு இணையானது உண்டு. சிவனொளிபாத மலை ஏறும் குழுவுக்கு 'நடே குரா' என்ற வழிகாட்டி இருப்பார். முதல் தடவை வருபவருக்குக் 'கோடுகாரயா' என்று பெயர். ஏறுபவரும் இறங்குபவரும் 'கருணாவாய்' என்று வாழ்த்திக்கொள்வார்கள். அங்கேயும் எல்லோரும் ஒன்றல்ல. போனவர், போகாதவர் என்ற வேறுபாடு வெளிப்படையாகவே பெயரிடப்பட்டிருக்கிறது. அந்த வேறுபாட்டை என்ன செய்வது என்பதற்குத்தான் மரபு விதி வைத்திருக்கிறது.

2022 ஜூலை

இனி என் சிறு சான்று. 2022 ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. ஓடிய பஸ்களில் தொங்கவும் இடமில்லை. கதிர்காமத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு எசல பௌர்ணமி ஜூலை 13.

தோட்டத்தில் என்னோடு வளர்ந்த நண்பர் ஒருவர் மகளுக்காக நேர்ந்திருந்தார். அவரிடம் பழைய லுமாலா சைக்கிள் ஒன்று இருந்தது, கியர் கிடையாது. ஹாலி எல சந்தைக்கு மரக்கறி மூட்டை கட்டிப்போகும் சைக்கிள். தேயிலை மலையில் சைக்கிள் பாதி நேரம் தள்ளுவண்டிதான். யாழ்ப்பாணத்தில் போல ஏறி மிதித்துவிட முடியாது. எனக்கு ஓர் உறவினரின் கியர் சைக்கிள் கிடைத்தது. மூன்றாமவர், சைக்கிள் திருத்தும் ஒரு சிங்களவர், ஐம்பதைத் தாண்டியவர். எரிபொருள் இல்லாத அந்த மாதங்களில் அவருக்குத் தலைக்கு மேல் வேலை. என் சைக்கிளைப் பூட்டித் தரும்போது எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் தானும் வருவதாகச் சொன்னார்.

விடியுமுன் கிளம்பினோம். முதல் சண்டை தெமோதரைக்கு முன்பே வந்துவிட்டது. எனக்குக் கியர் இருந்ததால் நான் முன்னே போய்விட்டேன். நண்பர் வந்து சேரக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வந்ததும் வேறுபக்கம் பார்த்துக்கொண்டு, "நீங்க போங்க, நான் மெதுவா வாறேன்" என்றார். மரியாதையான அந்த வாக்கியத்தில் எவ்வளவு கோபம் என்று தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தெரியும். பிறகு சைக்கிள்காரர் ஒரு விதி வைத்தார்: முன்னே போகிறவர் வளைவில் நிற்க வேண்டும், பின்னால் வருபவரின் முகம் தெரியும்வரை. முகம் தெரிந்ததும் உடனே கிளம்பிவிடவும் கூடாது. வந்தவர் மூச்சு வாங்கியபின் அவரே முதலில் கிளம்ப வேண்டும். முன்னே வந்தவன் ஓய்வெடுத்துவிட்டுப் பின்னே வந்தவனுக்கு ஓய்வில்லாமல் செய்வதுதான் கூட்டமாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய அநியாயம் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். நான் அதற்கு முன் அதை அநியாயமாக நினைத்ததில்லை.

எல்லவிலிருந்து வெல்லவாய வரை ஏறத்தாழ இருபத்தெட்டு கிலோமீட்டர் இறக்கம். இராவணன் நீர்வீழ்ச்சி பாதையோரத்திலேயே விழுகிறது. வேனில் வருகிறவர்களுக்கு அழகான இடம். சைக்கிளில் வருபவருக்குக் கை மரத்துப்போகும் இடம். 2025 செப்டம்பர் 4ஆம் தேதி இரவு ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தது இதே பாதையில்தான். நண்பரின் பிரேக் கட்டை பாதி இறக்கத்திலேயே தேய்ந்து இரும்பு உரசத் தொடங்கியது. சைக்கிள்காரர் தன் பையிலிருந்த ஒரே மாற்றுச் சோடியை எடுத்துப் பூட்டினார். சக்கர வளையம் தொட முடியாத சூடு. குடிக்க வைத்திருந்த தண்ணீரில் பாதியை அதன் மேல் ஊற்றினோம். இதை எழுதும்போது தியாகம் போலத் தெரிகிறது. அப்போது அது தொழில். பிரேக் இல்லாதவன் கூட வந்தால் மூன்று பேருக்கும் ஆபத்து.

வெல்லவாயவில் வெயில் அடித்துப்போட்டது. எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. கியர் சைக்கிள் வைத்திருந்த நான் விழுந்துகிடக்க, மூட்டை சுமந்து பழகிய மனிதர் என் பையையும் தன் கேரியரில் கட்டிக்கொண்டார். காலையில் இருந்த முறை பிற்பகலில் தலைகீழாயிற்று. ஏற்றத்தில் யார் பலசாலி, சமதரையில் யார், வெயிலில் யார் என்பது பாதைதான் மாற்றி மாற்றிச் சொல்கிறது. எல்லோரும் சமம் என்பதற்குப் பதில் ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் பின்தங்குகிறோம் என்பதே அன்று நான் கண்டது.

புத்தலையில் மாணிக்க கங்கைக் கரை மருத மர நிழலில் கிடந்தோம். அதே ஆறுதான் கதிர்காமத்திலும் ஓடுகிறது. புத்தலையிலிருந்து கதிர்காமம் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர் யானைப் பாதை. வண்டிகளை மறித்துத் தின்பண்டம் கேட்கும் யானைகளுக்குப் பெயர்போனது. சைக்கிளில் தனியாகப் போகாதீர்கள், முன்னும் பின்னும் வண்டி வரும்போது நடுவில் போங்கள், யானை நிற்பதைக் கண்டால் மணி அடிக்காதீர்கள் என்று ஒரு கடைக்காரர் பத்து நிமிடம் நின்று சொன்னார். மலைபடுகடாம் என் நினைவுக்கு வந்தது அப்போதுதான். மறுநாள் காலை, எரிபொருள் இல்லாத நாட்டில் ஒரு லொறி வருவதற்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். வந்த லொறியின் சாரதி எங்களுக்காகவே மிக மெதுவாக ஓட்டினார், டீசலுக்கு அப்படித் தட்டுப்பாடு இருந்த வாரத்தில். அவருடைய முகம்கூட எனக்கு நினைவில்லை.

இரண்டு நாட்களிலும் நாங்கள் கடவுளைப் பற்றிப் பேசவேயில்லை. டியூபில் காற்றைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் பேசினோம். கதிர்காமம் சேர்ந்ததும் நண்பர் ஆற்றில் குளித்து முருகன் சன்னிதிக்குப் போனார். சைக்கிள்காரர் முதலில் கிரிவெஹெர என்ற பௌத்தத் தூபிக்குப் பூ எடுத்துப் போனார். நான் இருவருடைய செருப்பையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட வந்ததற்கு மேல் எனக்கு நேர்த்தி எதுவுமில்லை. நம்பிக்கை எங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தது. அங்கே வந்தபின் தனித்தனி வாசலுக்கு அனுப்பியது. அதில் எனக்குக் குறையில்லை. கதிர்காமத் திருவிழாவின் கொடி பள்ளிவாசலில் ஏறுவதும் சேர்ந்தே இருக்கிறது, கப்புறாளை என்ற பூசகர் வாய் கட்டித் திரைக்குப் பின்னால் பூசை செய்வதும் சேர்ந்தே இருக்கிறது. ஒருவருடைய பொருளை மற்றவர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த இடம் கேட்பதில்லை.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். நண்பர் பாதை முழுக்க சைக்கிள்காரரை 'ஐயா' என்றே அழைத்தார். தமிழில் அது பெரியவருக்கான மரியாதை, தோட்டத்தில் அதற்குள் கொஞ்சம் பயமும் உண்டு. சிங்களக் காதுக்கு அந்த ஒலி 'அண்ணன்'. அவர் நண்பரை 'மல்லி' என்று அழைத்தார், தம்பி. ஒருவர் மேலே பார்த்துக் கூப்பிட, மற்றவர் பக்கத்தில் பார்த்துப் பதில் சொன்னார். இரண்டு நாளும் அந்தப் பிழை எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இது மூன்று ஆண்களின் இரண்டு நாள் பயணம். பொதுவிதி எழுத இது போதாது. கார்வேயின் அடுப்புக் கேள்வியை எங்களிடம் கேட்டால், நாங்கள் கடையில் வாங்கித் தின்றோம். எனவே அந்தத் தேர்வுக்கு நாங்கள் உட்காரவேயில்லை.

பாதை முடிந்த பிறகு

வழித்தோழமையை உயர்த்திப் பேசும் எவரும் இந்த மாகாணத்தில் இரண்டு தேதிகளைத் தாண்டிப் போக முடியாது. 1983 ஜூலை இறுதியில் பதுளை நகரத்தில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டன. கதிர்காமத்துக்கு யாத்திரை போகும் அதே எசல மாதம். வடக்கிலிருந்து கிழக்குக் கரை வழியாக வரும் பாதயாத்திரையும் அந்தக் கலவரத்தோடு தடைப்பட்டது. 1988இல்தான் அது மீட்டெடுக்கப்பட்டது. 2000 ஒக்டோபர் 25 அன்று பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் காவலில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கூட்டத்தால் கொல்லப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2005இல் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

பாதையில் பக்தர்கள் ஒன்றாக நடக்கும் மாகாணத்தில்தான் இவை நடந்தன. பாதையில் பழகியது ஊரில் செல்லாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவோர் உண்டு. முழுதாக மறுக்க என்னிடம் சான்று இல்லை. ஆனால் அந்த வாதம் வழித்தோழமையிடம் அது ஒருபோதும் தராத ஒன்றைக் கேட்கிறது. ஆற்றுப்படை பாணனுக்கும் பாணனுக்கும் இடையே நிரந்தர உடன்படிக்கை செய்யவில்லை. ஒரு வளைவில் ஒருவர் நின்றார் என்பது மட்டுமே அதன் உண்மை. குடியுரிமையையும் காவலையும் நீதியையும் வழித்தோழமையால் ஈடுகட்ட முடியாது. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வேறு வகை நடை ஒன்றும் அண்மையில் நிகழ்ந்தது. 2023 ஜூலை 28 அன்று தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 அன்று மாத்தளையில் முடிந்த நடை, இரு நூற்றாண்டுக்கு முன் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் காடு வழியாக நடந்த பாதையை நினைவுகூர்ந்தது. மலையகத் தமிழரோடு சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் மதகுருமாரும் நடந்தார்கள். அங்கே நேர்த்திக்கடன் இல்லை, கோரிக்கைகள் இருந்தன: நிலம், வீடு, கூலி, சம குடியுரிமை. பாதை முடிந்த பிறகு என்ன என்று கதிர்காமப் பாதை கேட்காத கேள்வியை அது கேட்டது. அதன் வலிமை அதுவே. நடந்தவர்களுக்கு இடையே என்ன உருவானது என்பதை அவர்கள்தான் எழுத வேண்டும்.

என் நண்பர் அந்த நடைக்குப் போகவில்லை. பதினாறு நாள் என்பது பதினாறு பேர். நடை முடிந்த செய்தியைக் கைபேசியில் காட்டியபோது கேட்டார்: "மாத்தளையோட முடிச்சிட்டாங்களா? நம்ம ஆளுங்க அங்கேருந்து பதுளைக்கு எப்பிடி வந்தாங்க?" ரயில் பதுளைக்கு வந்ததே 1924இல். அதற்கு முன் வந்தவர்களுக்கு மாத்தளைக்கு அப்பாலும் மலைகள் மிச்சமிருந்தன. அந்த மிச்சப் பாதையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அது அதிகமில்லை. சைக்கிள்காரரும் அன்று கடையில் இருந்தார். பாதி தமிழில், பாதி சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாதைக்கு ரெண்டு சோடி பிரேக் கட்டையாவது வேணும்" என்றார்.